ஒரே எண், நாற்பத்தொரு கார்

அந்தத் திங்கட்கிழமையும் வழக்கம்போல ஒன்பதே காலுக்குத்தான் யார்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். கேட்டில் காவலாளி நாற்காலியில் சாய்ந்தபடியே சலாம் வைத்தார். நானும் கையை அரைகுறையாகத் தூக்கினேன். இருவருக்குமே அவ்வளவுதான் தெம்பு.

திருட்டுப்போய்த் திரும்பக் கிடைத்த வண்டிகளை நிறுத்திவைக்கும் இடம் அது. சுற்றிலும் தகர வேலி. நடுவில் ஒரு கொட்டகை, அதற்குள் மூன்று மேசை, ஒரு மின்விசிறி. மீதியெல்லாம் வெயிலிலும் மழையிலும் நின்று நிறம் வெளுத்த வண்டிகள். சிலதற்குச் சக்கரம் இல்லை, சிலதற்குக் கண்ணாடி இல்லை, எதற்குமே நாதி இல்லை.

என் வேலை அச்சு எடுப்பது. ஒவ்வொரு காரின் உடம்பிலும் ஓர் எண்ணைக் கொத்தியிருப்பார்கள். நம்பர் பிளேட்டைத் திருடன் ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடுவான். இரும்பில் கொத்தியதை மாற்றுவது கஷ்டம். துருவை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, மேலே மெல்லிய தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்து உரசினால் கறுப்புக்கு நடுவில் எண் வெள்ளையாக எழும்பி வரும். எப்போதும் இரண்டு அச்சு எடுக்க வேண்டும். ஒன்றைப் படிவத்தில் ஒட்டுவோம். இன்னொன்றை உபரியாகக் கோப்பில் குண்டூசியால் குத்திவைப்போம். கார் முதன்முதலில் பதிவான அன்று எடுத்த அச்சும், மீட்ட பிறகு நான் எடுக்கும் அச்சும் ஒத்துப்போனால் ‘மீட்கப்பட்டது’ என்று முத்திரை விழும். இருபத்தேழு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். என் பெயர் எல்லோருக்கும் மறந்துபோய் ‘பென்சில்’ என்றே கூப்பிடுகிறார்கள். மாமனார்கூட ஒருமுறை என் வீட்டு வாசலில் நின்று, “பென்சில் வந்தாச்சா?” என்று கேட்டார்.

வருஷக் கடைசியில் எங்கள் சார் மேலிடத்துக்கு ஒரு பட்டியல் அனுப்புவார். ஆயிரம் வண்டிக்கு எத்தனை களவு போயின, அதில் எத்தனை மீண்டன, எந்தக் காரைத் திருடர்களுக்கு அதிகம் பிடிக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். விலையுயர்ந்த பெரிய கார்தான் முதலிடத்தில் இருக்கும் என்று நினைப்பீர்கள். கிடையாது. ஆறு வருஷமாக முதலிடம் ஒரு சின்ன வெள்ளைக் காருக்குத்தான். தெருவுக்குப் பத்து நிற்கும். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பழைய மாடலுக்கு ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும், கிளம்பிவிடும். கழற்றினால் ஒவ்வொரு பாகத்துக்கும் வாங்க ஆள் உண்டு. குடும்பஸ்தன் எந்தக் காரை வாங்குகிறானோ அதைத்தான் திருடனும் தேடுகிறான். அவனுக்கும் குடும்பம் இருக்கும்போல.

எங்கள் கடைசி வரிசையில் அந்த வெள்ளைக் கார்கள் மட்டும் நாற்பத்தொன்று நின்றன. யாரும் கேட்டு வராதவை. வெள்ளிக்கிழமை நசுக்கும் இயந்திரம் வரப்போகிறது என்று செய்தித்தாளில் அறிவிப்பும் போட்டாயிற்று. அதற்குள் ஒவ்வொரு காருக்கும் கடைசியாக ஓர் அச்சு எடுத்து முடிக்க வேண்டும். அந்த மாடலில் எண் முன்னிருக்கைக்குக் கீழே, கால்மிதியைத் தூக்கினால் தரையில் இருக்கும். மண்டி போட்டுத்தான் எடுக்க வேண்டும். என் முட்டிகள் அதற்கு ஒத்துக்கொள்வதை நிறுத்தி வெகுநாள் ஆகிறது.

வரிசையின் மூலையில், வேலியோரமாக நின்றது நாற்பத்தோராவது கார். அதைப் ‘பாறாங்கல்’ என்போம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கோடையில் கல்குவாரிக் குட்டை வற்றியபோது மேலே தூக்கிய வண்டி. நம்பர் பிளேட் இல்லை. உள்ளே ஜன்னலுக்கு மேல் வரை கல்தூள் சேறு நிரம்பி, காய்ந்து, சிமெண்டாக இறுகிவிட்டது. எண் அந்தச் சேற்றுக்கு அடியில் இருந்தது. தோண்ட யாருக்குப் பொறுமை? ‘அடையாளம் தெரியாதது’ என்று சாக்பீஸில் எழுதினேன். மழையில் அழிந்த ஒவ்வொரு முறையும் திரும்ப எழுதினேன். தோண்டுவதைவிட எழுதுவது சுலபம்.

திங்கட்கிழமை பன்னிரண்டு மணி. காரின் மேல் கை வைத்தால் தோல் பொசுங்கும் வெயில். வரிசையை எண்ணிக்கொண்டு போனேன். ஏழாவது காரின் பின்கண்ணாடி, இடது பக்கத்தில், வெளுத்துப்போயிருந்தது.

உள்ளே பனி படிந்திருந்தது.

மூடிய காருக்குள் யாராவது படுத்துத் தூங்கினால் கண்ணாடியில் மூச்சு படியுமே, அது. காவலாளிதான் நிழல் தேடி உள்ளே புகுந்துவிட்டார் என்று நினைத்துக் கண்ணாடியைத் தட்டினேன். திரும்பிப் பார்த்தேன். காவலாளி கேட்டில், நாற்காலியில், வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

கதவைத் திறந்தேன். உள்ளே யாரும் இல்லை. அந்த வெயிலில் உள்ளிருந்து வந்த காற்று சில்லென்று இருந்தது. ஈரக்கல் வாசனை அடித்தது. கண்ணாடியின் உட்புறம் நான்கு விரல்களால் யாரோ துடைத்துப் பார்த்த தடம் இருந்தது. தடத்தின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் பசை.

தொட்டேன். ஈரமாக இருந்தது.

வயசானால் எல்லாம் இப்படித்தான் தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கதவைச் சாத்தினேன். அன்று அச்சு எடுக்கவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். இந்த வேலையில் நான் நன்றாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

மறுநாள் காலையில் கிரேன்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வரிசையாக வண்டிகளை நகர்த்த வந்தவர், கிரேன் கூண்டில் உயரே உட்கார்ந்திருப்பதால் யார்டு முழுவதும் அவர் கண்ணில் படும்.

“பென்சிலு, அந்த வெள்ளைக் கார்ல யாராவது இருக்காங்களா?”

“எந்தக் கார்ல?”

“அதான் தெரியல. காலையில பத்தாவது கார்ல கண்ணாடி பனிச்சிருந்துச்சு. டீ குடிச்சிட்டு வந்து பாத்தா பதினொண்ணாவது. இப்பப் பன்னெண்டாவது.” குரலைத் தணித்தார். “ஒவ்வொண்ணா ஏறி இறங்கிப் பாக்குற மாதிரி இருக்கு. தன் வண்டி எதுன்னு தெரியாதவங்க தேடுற மாதிரி.”

“வெயிலு, ஐயா. வேற ஒண்ணும் இல்ல.”

“வெயில்ல கண்ணாடி ஏன்பா பனிக்குது?”

அவர் அன்று மதியமே உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று மூன்று மணிக்குத்தான் அந்தப் பெண் வந்தாள். நாற்பது வயது இருக்கும். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலையாம். வெள்ளை மேல்கோட்டைக் கழற்றாமலே வந்திருந்தாள். கையில் எங்கள் அறிவிப்பு வந்த செய்தித்தாள் துண்டு.

“சார், வெள்ளிக்கிழமை எல்லாத்தையும் நசுக்கப் போறீங்களாமே. அதுல எங்க காரும் இருக்கு. ஒரே ஒரு தடவை பாக்கணும். அஞ்சு நிமிஷம் போதும்.”

“இன்சூரன்ஸ்ல பணம் குடுத்துட்டா அப்புறம் அது உங்க கார் இல்லம்மா.”

“தெரியும் சார். கார் வேண்டாம். பின் சீட்டுல கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போறேன்.”

வேண்டாம் என்று சொல்லத் தெம்பில்லாமல் கூட்டிக்கொண்டு நடந்தேன். வழியில் அவளாகவே சொன்னாள். மூன்று வருஷத்துக்கு முன்னால், பகல் பதினோரு மணிக்கு, அப்பாவைப் பின்னிருக்கையில் உட்காரவைத்து மருத்துவரிடம் கூட்டிப்போயிருக்கிறாள். திரும்பும் வழியில் மருந்துக்கடை. அப்பா தூங்கிவிட்டார். வெயில் என்பதால் ஏசி ஓடட்டும் என்று எஞ்சினை நிறுத்தாமல் இறங்கியிருக்கிறாள். இரண்டு நிமிடம். மருந்துச் சீட்டோடு திரும்பினால் கார் இல்லை, அப்பாவும் இல்லை.

“பத்தொன்பது நாள் கழிச்சு கார் கிடைச்சிருச்சுன்னு போன் வந்துச்சு சார். ரோட்டோரமா நின்னுச்சாம். உள்ள யாரும் இல்லையாம். கதவு உடையல, ரத்தம் இல்ல, ஒண்ணும் இல்ல. அதனால அவராவே இறங்கிப் போயிட்டாருன்னு எழுதிட்டாங்க. தேடுறதையும் நிறுத்திட்டாங்க. எனக்கு அந்தக் காரைப் பாக்கவே தெம்பில்ல, இன்சூரன்ஸ்கிட்டயே விட்டுட்டேன்.”

“ஞாபக மறதி ஏதாவது...”

“மறதிதான். ஆனா என்னை மறந்ததில்ல.” கையிலிருந்த செய்தித்தாள் துண்டை மடித்து மடித்துப் பிரித்தாள். “அன்னைக்குக் காலையில அவரைத் திட்டிட்டேன் சார். மூணு தடவை சட்டையை மாத்தினாரு. எனக்கு வேலைக்கு நேரமாச்சு. ‘எங்கயாவது போய்த் தொலைங்கப்பா’ன்னு சொல்லிட்டேன். அவரு ஒண்ணும் சொல்லல. நான் சொன்னேன்னுதான் போயிட்டாரா? அது மட்டும் தெரிஞ்சா போதும் சார். வேற எதுவும் வேண்டாம்.”

நானும்தான் எத்தனை பேரை அப்படித் திட்டியிருக்கிறேன். சொல்லிவிட்டுச் சாயங்காலம் மறந்திருக்கிறேன். அவளுக்கு அந்தச் சாயங்காலம் வரவே இல்லை.

அவள் சொன்ன நம்பர் பிளேட் பத்தொன்பதாவது காரில் இருந்தது. பின்கதவைத் திறந்துவிட்டேன். உட்காரப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“இது எங்க கார் இல்ல சார்.”

“நம்பர் பாருங்கம்மா.”

“நம்பர் சரிதான். ஆனா இந்தக் கதவுல கண்ணாடி இறக்குற கைப்பிடி இருக்கே. எங்க காருல இடது பக்கம் கிடையாது. அப்பா சும்மா திருகித் திருகி உடைச்சிட்டாரு. கடைசி வரைக்கும் நான் மாத்தவே இல்ல.”

“திருடினவன் மாத்தியிருப்பான்மா.”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கைப்பிடி இல்லாத கதவுக்குக் கைப்பிடி வாங்கிப் போடும் திருடனை அவளும் கேள்விப்பட்டதில்லை, நானும் கேள்விப்பட்டதில்லை. தன் போன் நம்பரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

புதன்கிழமை மெல்லிய தாள், உப்புத்தாள், பென்சில் எல்லாம் எடுத்துக்கொண்டு முதல் காரில் ஆரம்பித்தேன். மண்டி போட்டேன். கால்மிதியைத் தூக்கினேன். தேய்த்தேன். தாளை வைத்து உரசினேன். எண் எழும்பி வந்தது. கடைசி நான்கு இலக்கம் 6038.

பட்டியலைப் பார்த்தேன். அந்தக் காருக்கு 1172 என்று இருந்தது.

தாளை எடுத்துவிட்டு இரும்பைப் பார்த்தேன். 1172. விரலால் தடவினேன். 1172தான். புதுத் தாள் வைத்து, மெதுவாக, ஒவ்வோர் இலக்கமாக உரசினேன்.

6038.

இரண்டாவது காருக்குப் போனேன். 6038. மூன்றாவது காரிலும் 6038. நான்காவது காரில் பென்சிலை மிக லேசாக ஓட்டினேன். நான் அழுத்தாமலே எண் மேலே வந்தது. முதுகுக்குப் பின்னால், பின்னிருக்கையிலிருந்து, ஈரக்கல் வாசனை வந்தது. யாரோ மூச்சு விட்டார்கள். கோபமான மூச்சு இல்லை. ரொம்ப தூரம் நடந்து வந்தவர் உட்கார்ந்ததும் விடும் மூச்சு.

நான் திரும்பவில்லை.

“யாரு?” என்றேன்.

பின்கண்ணாடியில் விரல் உரசும் சத்தம் கேட்டது. பிறகு கதவு திறக்காமலே வாசனை மட்டும் நகர்ந்து போயிற்று.

கொட்டகைக்கு எப்படி வந்தேன் என்று நினைவில்லை. பீரோவிலிருந்து 6038-இன் கோப்பைத் தேடி எடுத்தேன். அந்தப் பெண்ணின் கோப்புதான். மீட்புப் படிவத்தில் என் கையெழுத்து. அதற்கு மேலே நான் ஒட்டிய அச்சு. பதிவு நாள் அச்சோடு கன கச்சிதமாக ஒத்துப்போயிருந்தது. ஒத்துப்போகாமல் எங்கே போகும்?

ஒட்டிய அச்சின் மூலையில் ஒரு குண்டூசி ஓட்டை இருந்தது.

புதிதாக எடுத்த அச்சில் ஓட்டை இருக்காது. எல்லாம் ஞாபகம் வந்தது. வருஷக் கடைசி. மீட்பு சதவீதம் குறைகிறது என்று சார் குதித்துக்கொண்டிருந்தார். ஒரே நாளில் பதினாறு காருக்கு அச்சு. பதினாறாவது காரில் இருக்கை துருப்பிடித்து நகரவே இல்லை. முட்டி வலி வேறு. பிளேட் சரியாக இருக்கிறது, வெள்ளைக் கார், அதே மாடல், அப்புறம் என்ன? கோப்பில் குத்தியிருந்த பதிவு நாள் உபரியை உருவிப் படிவத்தில் ஒட்டினேன். அதன் அச்சை அதனோடே ஒத்துப்பார்த்து முத்திரையும் குத்தினேன். திருடர்கள் பிளேட்டை ஒரு வெள்ளைக் காரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? இருபத்தேழு வருஷம் அதைத்தானே பார்க்கிறேன்.

நான் முத்திரை குத்தியதால் கார் கிடைத்துவிட்டது. கார் கிடைத்ததால் அந்த மனிதர் தானாக இறங்கிப் போனவர் ஆகிவிட்டார். ஒரு மகள் மூன்று வருஷமாகத் தன் வாயைத் தானே சபித்துக்கொண்டிருக்கிறாள்.

கையைப் பார்த்தேன். விரலிடுக்கில், பென்சில் கரியோடு, சாம்பல் பசை ஒட்டியிருந்தது. கட்டைவிரலால் நசுக்கினேன். நறநறத்தது. கல்தூள்.

யார்டில் கல்தூள் ஓரிடத்தில்தான் இருந்தது.

வியாழன் காலை சார் வரும்வரை கொட்டகை வாசலில் நின்றேன். கோப்பை மேசையில் வைத்தேன்.

“சார், பாறாங்கல்லை உடைக்கணும்.”

“நாளைக்கு மெஷினே உடைக்கப்போகுது. உனக்கென்ன அவசரம்?”

“உள்ள ஆள் இருக்கு சார்.”

“வெயில் மண்டையில ஏறிடுச்சு உனக்கு. போய்த் தண்ணி குடி.”

“இந்த அச்சு நான் எடுத்தது இல்ல சார். உபரியை உருவி ஒட்டினேன். ஓட்டையைப் பாருங்க. இந்தக் கார் கிடைக்கவே இல்ல.”

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“எத்தனை கோப்புல இப்படிப் பண்ணியிருக்கே?”

“இது ஒண்ணுதான் சார்.”

“பிடிபட்ட ஒவ்வொருத்தனும் இதைத்தான் சொல்றான்.” பெருமூச்சு விட்டார். “எழுத்துல குடுத்தா உன் வேலை போயிரும். தெரியுமில்ல?”

“தெரியும் சார்.”

“வாயை மூடிக்கிட்டு இருந்தா நாளைக்கு எல்லாம் தகடாயிரும். யாருக்கும் ஒண்ணும் தெரியாது.”

அவர் கெட்டவர் இல்லை. என்னைப்போலவே களைத்தவர், அவ்வளவுதான். நான் எழுதிக் கொடுத்தேன். இருபத்தேழு வருஷத்தில் முட்டி வலிக்காமல் செய்த முதல் வேலை அது. அதன் விசாரணை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

மதியம் போலீஸ்காரர்கள் வந்தார்கள். உளி வைத்து முன்பக்கத்திலிருந்து உடைத்தார்கள். கல்தூள் கட்டி கட்டியாகப் பெயர்ந்தது. முன்னிருக்கைக்கு அடியில் எண் தெரிந்ததும் என்னைக் கூப்பிட்டார்கள். மண்டி போட்டு, துருவைத் தேய்த்து, உரசினேன். 6038. இந்தமுறை இரும்பிலும் அதுவே இருந்தது.

முன்னிருக்கைகளில் யாரும் இல்லை. பின்னால் முதலில் ஒரு செருப்பு தெரிந்தது.

இடது மூலையில், கதவோடு ஒட்டியபடி இருந்தார். திருடர்கள் எங்கே பின்னால் திரும்பிப் பார்த்தார்கள், பார்த்த பிறகு என்ன செய்தார்கள் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. கட்டியைப் பெயர்த்தபோது எலும்புகள் கலைந்துவிட்டன. கலைவதற்கு முன் ஒரு நொடி நான் பார்த்தேன். கைவிரல்கள் கதவைத் திறக்கும் உள்கொக்கியைப் பிடித்தபடி இருந்தன.

எல்லாவற்றையும் துணியில் கட்டி எடுத்துக்கொண்டு போன பிறகு, வண்டியின் நிலையைப் படிவத்தில் நிரப்பும் வேலை எனக்கு. வேலை போகும்வரை வேலை என்னுடையதுதானே. கடப்பாரையால் நெம்பியிருந்த அந்த இடது பின்கதவை அகலத் திறந்தேன். கதவின் விளிம்பில், சைல்ட் லாக்கின் சின்ன நெம்புகோல் கீழே இறங்கியிருந்தது.

அது கீழே இருந்தால் கதவு வெளியிலிருந்து மட்டும்தான் திறக்கும். உள்ளே இருப்பவர் கையொடிய இழுத்தாலும் திறக்காது. குழந்தைகளுக்கான அந்தப் பூட்டை இந்தக் காரில் யார், யாருக்காகப் போட்டிருப்பார்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. மறதிக்கார அப்பா ஓடும் வண்டியில் கதவைத் திறந்துவிடக் கூடாதே என்று போட்டிருப்பாள். அவ்வளவு அக்கறை. அதுவே அவரை உள்ளே அடைத்துப்போட்டது என்று தெரிந்தால் அப்புறம் அவள் உயிரோடு இருப்பாளா?

சுற்றிப் பார்த்தேன். யாரும் இல்லை. பென்சில் முனையால் நெம்பை மேலே தள்ளினேன். ‘பூட்டு போடப்படவில்லை’ என்று எழுதிக் கதவைச் சாத்தினேன். ஒரு பொய்யை எழுத்தில் ஒப்புக்கொண்ட அதே நாளில் இன்னொரு பொய். ஆனால் இது நல்ல பொய் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் வந்தாள். வாடகைக் காரைக் கேட்டில் நிறுத்திவிட்டு, தனியாக உள்ளே நடந்து வந்தாள். ஆஸ்பத்திரியில் பல்செட்டைப் பார்த்து அடையாளம் சொல்லிவிட்டு நேராக வந்திருக்கிறாள். முகம் வீங்கியிருந்தது.

“மூணு வருஷம் உங்களை அலையவிட்டது நான்தாம்மா” என்றேன்.

“போலீஸ்ல சொன்னாங்க.” என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “காரைக் காட்டுங்க அண்ணா.”

டயர் இல்லாமல், வெறும் வட்டுகள் மண்ணில் புதைய, அந்தக் கார் நின்றது. அவள் தள்ளியே நின்று பார்த்தாள்.

“கதவு பூட்டியிருந்துச்சா அண்ணா?”

“இல்லம்மா. சும்மாதான் சாத்தியிருந்துச்சு. தூக்கத்துலயே போயிருப்பாரு. அவருக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது.”

அவள் நிம்மதியாக அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. நெற்றியைச் சுருக்கி யோசித்தாள்.

“அவருக்குப் பகல் தூக்கம் கால் மணி நேரம்தான். முழிச்சிருப்பாரே. கதவு திறந்திருந்தா எங்கயாவது சிக்னல்ல இறங்கியிருக்கலாமே.” கார்க் கதவைப் பார்த்தாள். “இறங்க வேண்டாம்னு இருந்துட்டாரா? நான் போய்த் தொலைங்கன்னு சொன்னேனே, சரின்னு அப்படியே போயிட்டாரா அண்ணா?”

மூன்று வருஷமாக அவள் எதிலிருந்து தப்பிக்கத் தவித்தாளோ, அதற்குள்ளேயே அவளைத் திரும்பத் தள்ளிவிட்டேன். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

தக்.

அவளும் நானும் காரைப் பார்த்தோம்.

தக். தக்.

மூடிய கதவின் உள்கொக்கியை யாரோ இழுத்தார்கள். கதவு திறக்கவில்லை. மறுபடி இழுத்தார்கள்.

தக். தக். தக்.

உள்ளே யாரும் இல்லை. ஜன்னல் வழியாக அந்தப்பக்கத் தகர வேலி வரை தெரிந்தது. என் கால்கள் ஓடச் சொன்னன. அவள் ஓடவில்லை. நேராகப் போய் வெளிக்கைப்பிடியைப் பிடித்துக் கதவைத் திறந்தாள். சத்தம் நின்றது.

விளிம்பில் நெம்பு கீழே இறங்கியிருந்தது. நான் தள்ளிய இடத்தில் பென்சில் கரி அப்படியே இருந்தது. அதன்மேல் ஈரமாக, சாம்பல் நிறத்தில், ஒரு கட்டைவிரல் ரேகை.

“நான்தாம்மா மேலே தள்ளினேன்” என்றேன். “உங்களுக்குத் தெரிய வேண்டாம்னு... மன்னிச்சிருங்க. அவரு கை அந்தக் கொக்கியைப் பிடிச்சிருந்துச்சு. நான் பாத்தேன்.”

அவள் நெம்பை விரலால் தொட்டாள்.

“இதைப் போட்டது நான்தான்” என்றாள். “ஓடுற வண்டியில ரெண்டு தடவை கதவைத் திறந்துட்டாரு. பயந்து போட்டேன். இறங்கி இறங்கித் திறந்துவிடுவேன். அன்னைக்கு அது போட்டிருந்துச்சான்னுதான் மூணு வருஷமா ஞாபகம் வரல.” அதன் பிறகுதான் அழுதாள். தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு, வெகுநேரம் அழுதாள். நடுவில் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். “இழுத்துப் பாத்திருக்காரு. என்கிட்ட வரத்தான் பாத்திருக்காரு.”

அந்த அழுகையில் குற்றமும் இருந்தது, நிம்மதியும் இருந்தது. எது அதிகம் என்று நான் சொல்ல மாட்டேன். என் கண்ணிலும் நீர் வந்தது.

பிறகு எழுந்து முகத்தைத் துடைத்தாள். நெம்பை மேலே தள்ளினாள். கதவை அகலத் திறந்து, ஓரமாக ஒதுங்கி நின்று, தினமும் செய்கிற காரியம்போலக் கையை நீட்டினாள்.

“இறங்குங்கப்பா. வீட்டுக்குப் போலாம்.”

துருவில் இறுகிப்போன ஸ்ப்ரிங்குகள் கிறீச்சிட்டன. காரின் இடது பக்கம் ஓர் அங்குலம் மேலே எழும்பி நின்றது.

அவள் கேட்டை நோக்கி நடந்தாள். வந்தபோது விறுவிறுவென்று வந்தவள், இப்போது அடிமேல் அடி வைத்து, நடுநடுவே நின்று நின்று போனாள். துணைக்கு நானும் ஐந்தடி தள்ளிப் பின்னால் போனேன். வாடகைக் காரின் இடது பின்கதவைத் திறந்து, கொஞ்சம் பொறுத்து, மெதுவாகச் சாத்தினாள். பிறகு சுற்றிப் போய் வலது பக்கமாக ஏறிக்கொண்டாள்.

போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்த டிரைவர் அதைக் கீழே வைத்தார். மேலே இருந்த கண்ணாடியை நிமிர்த்திப் பின்னிருக்கையைப் பார்த்தார். அவர் கேட்டது ஜன்னல் வழியாக எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“பெரியவரே, கதவு சரியா சாத்தியிருக்கான்னு பாத்துக்குங்க. போலாமா?”